பந்தயத் திடலிலிருந்து புறவழிச் சாலைக்கு

மோதி நசுங்கிய காரின் கதவு திறக்காது. கதவும் அதன் சட்டமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒரே இரும்பாகியிருக்கும். உள்ளே இருப்பவர் உயிரோடிருப்பார், பேசுவார், தண்ணீர் கேட்பார். வெளியே இருபது பேர் கூடி நிற்பார்கள். இருவருக்கும் நடுவில் இருப்பது சில மில்லிமீட்டர் தகடுதான். ஆனால் அதை விலக்க இருபது பேரின் கைகளுக்கும் வலு போதாது. அந்தப் போதாமையிலிருந்து பிறந்த கருவி ஒன்று உண்டு. அதன் வாழ்க்கைக் கதைதான் இது.

தீயணைப்புத் துறையினர் அதை ஹைட்ராலிக் மீட்புக் கருவி என்கிறார்கள். உண்மையில் அது ஒரு கருவிக் குடும்பம். இரு கைகளை அகட்டி இரும்பைப் பிளக்கும் ஸ்பிரெடர். பாக்குவெட்டியைப் போல இரு அலகுகளுக்கு நடுவே காரின் தூணை வைத்து நறுக்கும் கட்டர். நீண்டு தள்ளும் ராம் என்ற தண்டு. பிளப்பதும் நறுக்குவதும் ஒன்றாகச் செய்யும் காம்பி கருவி. இவற்றுக்கு அழுத்தம் கொடுக்க ஒரு பம்பும் நீண்ட குழாய்களும். பெரும்பாலும் ஒவ்வொரு கருவியும் 15 முதல் 25 கிலோ வரை எடை இருக்கும். அமெரிக்கக் கார்ப் பந்தயத் திடலில் பிறந்த இந்தக் குடும்பம், தியாகதுருகத்தை ஒட்டிப் போகும் சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை போன்ற சாலைகளுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்தப் பயணத்தில் கடைசிச் சில கிலோமீட்டர்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன. அவற்றைக் கடக்க வேண்டியவர்கள் நாம்தான் என்று நம்புகிறேன்.

மூதாதையர்

கருவியின் உயிர் அதன் எண்ணெயில் இருக்கிறது. அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1663-ல், அந்த நூல் வெளிவந்தது. சின்ன உருளையில் தரும் சிறு விசை, பெரிய உருளையில் பெரிய விசையாக வெளிவரும். இதை வேலை செய்யும் இயந்திரமாக்கியவர் லண்டனில் பூட்டுத் தொழில் செய்த ஜோசப் பிராமா. அவரது நீரழுத்த இயந்திரம் 1795-ல் காப்புரிமை பெற்றது.

அந்த வம்சத்தின் பிள்ளைகளை நாம் தினமும் பார்க்கிறோம். பொக்லைனின் கை, ஜல்லி கொட்டும் டிப்பர் லாரியின் தொட்டி, பஞ்சர் கடை ஜாக்கி எல்லாம் அதே விதியில்தான் நிமிர்கின்றன. மண்ணை அள்ளவும் பாரத்தைத் தூக்கவும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்ட இந்த விதியை, நசுங்கிய வண்டிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை விடுவிக்கவும் பயன்படுத்தலாம் என்று எவருக்கோ தோன்ற வேண்டியிருந்தது.

பிறப்பு

தோன்றியது ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்ற அமெரிக்கருக்கு. பென்சில்வேனியாவில் கார்களுக்கு கியர் மாற்றும் தண்டு செய்து பேர் வாங்கியவர் அவர். போன்டியாக் ஜிடிஓ போன்ற வேகக் கார்களில் அவர் செய்த கியர் தண்டு இருந்தது. 1961-ஐ ஒட்டி ஒரு கார்ப் பந்தயத்தில் விபத்துக்குள்ளான ஓட்டுநரை வண்டியிலிருந்து வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதை அவர் பார்த்தார். வண்டிகளை விரைவாக ஓடவைக்கும் தொழிலில் இருந்தவர், அதன் பிறகு வண்டியைப் பிளக்கும் கருவியைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்.

அதுவரை மீட்போர் கையில் இருந்தவை கடப்பாரையும் வட்ட ரம்பமும்தான். ரம்பம் தீப்பொறி கக்கும். கீழே பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. அதன் இரைச்சல் உள்ளே சிக்கியவரின் நெஞ்சைப் பதறவைக்கும். கடப்பாரையோ ஒவ்வொரு நெம்பலுக்கும் வண்டியை ஆட்டும். முறிந்த எலும்பு அந்த ஆட்டத்தில் இன்னும் விலகும். ஹர்ஸ்டின் கருவி இரும்பை அமைதியாக, பொறி இல்லாமல், வண்டியை அதிகம் குலுக்காமல் அகற்றியது. முதலில் அது பந்தயத் திடல்களுக்குச் சொந்தமாக இருந்தது. அவருடைய நிறுவனத்தில் பணியாற்றிய மைக் பிரிக் அதைச் செம்மைப்படுத்தி, ‘ஜாஸ் ஆஃப் லைஃப்’ என்று பேர் வைத்தார். 1970-களில் அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாக அதை வாங்கின.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் கருவிக்கு உடன்பிறப்புகள் பிறந்தன. ஜெர்மனியின் லூகாஸ், வெபர் ஹைட்ராலிக், நெதர்லாந்தின் ஹோல்மாட்ரோ ஆகிய நிறுவனங்களின் பெயர்களை இன்று உலகின் பல மூலைகளில் உள்ள தீயணைப்பு வண்டிகளில் காணலாம். தொடக்ககால ஹர்ஸ்ட் கருவிகள் சதுர அங்குலத்துக்கு 5,000 பவுண்டு அழுத்தத்தில், எளிதில் தீப்பற்றாத பாஸ்பேட் எஸ்டர் திரவத்தில் இயங்கின. இன்று பல கருவிகள் 700 பார் அழுத்தத்தில் வேலை செய்கின்றன. கார் டயரில் நாம் அடைக்கும் காற்றைப் போல அது ஏறக்குறைய முந்நூறு மடங்கு. பெரிய கட்டரின் அலகுகளுக்கு நடுவே கிடைக்கும் விசை 100 டன்னைத் தாண்டும்.

இரும்போடு ஒரு போட்டி

கருவி வளர வளர, அது வெட்ட வேண்டிய வண்டியும் வளர்ந்தது. பயணிகளைக் காப்பாற்றுவதற்காகவே கார்த் தயாரிப்பாளர்கள் பக்கவாட்டுத் தூண்களில் போரான் எஃகு வைத்தார்கள். மோதலில் அந்தத் தூண் வளையாமல் நின்று உயிரைக் காக்கும். ஆனால் உள்ளே கால் சிக்கிக்கொண்டால், அதே தூண் மீட்பவரின் கட்டரையும் எதிர்த்து நிற்கும். பழைய கட்டர்களின் அலகுகள் புதிய கார்களிடம் தோற்றன. அதனால் அலகுகளின் வடிவமும் விசையும் மாறின. 2020-ல் வோல்வோ நிறுவனம் புத்தம் புதிய பத்து கார்களை 30 மீட்டர் உயரத்திலிருந்து கிரேன் மூலம் கீழே போட்டது. மிக மோசமான விபத்தில் சிதையும் வண்டியை மீட்புப் பணியாளர்கள் வெட்டிப் பழக வேண்டும் என்பதற்காகச் செய்தது அது.

அடுத்து ஏர்பேக் வந்தது. இந்தியாவில் 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல்களில் முன்பக்கப் பயணிக்கும் கட்டாயம். மோதலில் விரியாத ஏர்பேக், மீட்பவர் தலை உள்ளே இருக்கும்போது வெடித்து விரியக்கூடும். பக்கவாட்டுத் திரை ஏர்பேக்கை ஊதும் வாயு உருளை தூணுக்குள்ளோ கூரை விளிம்பிலோ மறைந்திருக்கும். தெரியாமல் கட்டரை அதன் மேல் வைத்தால் பெரும் ஆபத்து. எனவே உள்பக்க பிளாஸ்டிக் மூடியை உரித்துப் பார்த்த பிறகே வெட்டு என்பது இன்றைய பாடம். மின்சாரக் கார்களில் உயர் மின்னழுத்தக் கம்பி ஓடும் வழியும் தெரிய வேண்டும். எந்த மாடலில் எது எங்கே இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் காட்டும் மீட்புத் தாளுக்கு ஐஎஸ்ஓ 17840 என்ற சர்வதேசத் தரமும் வந்துவிட்டது.

தவறுகளிலிருந்தும் கருவி கற்றது. ஒரு காலத்தில் ஓட்டுநரின் நெஞ்சை அழுத்தும் ஸ்டியரிங் தண்டைச் சங்கிலி கட்டி ஸ்பிரெடரால் முன்னோக்கி இழுப்பதுதான் அமெரிக்காவில் வழக்கம். பிற்காலக் கார்களில் அந்தத் தண்டு இணைப்பு மூட்டுகளோடு வந்தது. இழுத்தபோது மூட்டு அறுந்து தண்டு ஓட்டுநர் மேலேயே பாயும் அபாயம் தெரிந்ததும் அந்த முறையைக் கைவிட்டார்கள். இப்போது முன்தூணின் அடியில் ஒரு வெட்டுப் போட்டு, ராம் தண்டை வைத்து டேஷ்போர்டு முழுவதையும் மேலும் முன்னும் உருட்டித் தள்ளுகிறார்கள். நம் சாலைகளில் லாரியின் முகப்பைச் சங்கிலி கட்டி இன்னொரு வண்டியால் இழுக்கும் காட்சி இன்னும் உண்டு. உலகம் கற்றுக் கைவிட்ட பாடத்தை நாம் மறுபடி உயிர் கொடுத்துக் கற்க வேண்டியதில்லை.

தியாகதுருகம் வழியாகப் போகும் சாலை

மலைக்கோட்டையின் அடிவாரத்தில் இருக்கும் தியாகதுருகம், சென்னையிலிருந்து சேலத்துக்கும் கோவைக்கும் போகிறவர்களின் குறுக்குவழியில் இருக்கிறது. உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையை விட்டுத் திரும்பினால் எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி வழியாகச் சேலம். முன்பு தேசிய நெடுஞ்சாலை 68, இப்போது 79. நீளம் ஏறக்குறைய 136 கிலோமீட்டர். நான்கு வழிச் சாலை போட்டபோது ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிச் சாலைகள் இருவழியாகவே விடப்பட்டன. நான்கு வழியில் வேகமாக வந்த வண்டி திடீரென்று எதிரே வண்டி வரும் சாலைக்குள் நுழையும். நேருக்கு நேர் மோதல்களுக்குப் பெயர்போன இடங்களாயின அந்தப் புறவழிகள். அவற்றை அகலப்படுத்தக் கேட்டு ஆண்டுக்கணக்கில் குரல் எழுந்த பிறகே அதற்கான வேலை தொடங்கியது.

இந்தச் சாலையின் இயல்பையும் சொல்ல வேண்டும். இரவெல்லாம் ஆம்னி பேருந்துகள் ஓடும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருப்பதால் அரவைப் பருவத்தில் கரும்பு டிராக்டர்கள் சாலைக்கு வரும். பின்னால் விளக்கில்லாத டிரெய்லரின் கரும்புக் குவியல் இருட்டோடு இருட்டாக இருக்கும். மக்காச்சோளமும் மரவள்ளியும் ஏற்றிய வண்டிகள், கூலி வேலைக்கு ஆள் ஏற்றிய சரக்கு வேன்கள் எல்லாம் இதே பாதையில்தான். மேற்கே கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் பிக்கப் வண்டி கவிழ்ந்தால் ஆட்கள் பள்ளத்தில் கிடப்பார்கள்.

2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின, நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். 2024 செப்டம்பரில் உளுந்தூர்பேட்டை அருகே மேட்டத்தூரில், திருச்செந்தூர் போய்த் திரும்பிய பக்தர்களின் வேன் சாலையோர மரத்தில் மோதி 6 பேர் இறந்தபோது, கள்ளக்குறிச்சி மாவட்டமே அழுதது. அப்போது அந்த மாவட்டம் பிறந்து ஐந்தாண்டுகூட ஆகியிருக்கவில்லை; 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது.

இத்தகைய சாலைக்குத்தான் அந்தக் கருவி வந்திருக்கிறது. தமிழ்நாட்டுத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை அதை மீட்பு ஊர்திகளில் வைத்திருக்கிறது. அரக்கோணத்தில் முகாமிட்டிருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் அதே இனக் கருவிகளைக் கட்டட இடிபாடுகளில் பயன்படுத்துகிறது. ஆனால் தியாகதுருகம், சின்னசேலம் போன்ற ஊர்களின் தீயணைப்பு நிலையத்துக்கு வரும் அழைப்புகளை எண்ணிப் பாருங்கள். கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, பற்றி எரியும் வைக்கோல் போர், கரும்புத் தோட்டத் தீ. அதே கைகள்தான் நள்ளிரவில் நெடுஞ்சாலையில் கட்டரைப் பிடிக்க வேண்டும்.

சம்பவ இடத்தில்

வேலை கருவியை எடுப்பதில் தொடங்குவதில்லை. பயிற்சி பெற்ற குழு வந்ததும் முதலில் வண்டியைச் சுற்றி நடக்கும். மேலே அறுந்த மின்கம்பி தொங்குகிறதா, கீழே எரிபொருள் கசிகிறதா, வண்டிக்கு அடியில் யாராவது இருக்கிறார்களா, தூக்கி வீசப்பட்டு வாய்க்காலில் கிடக்கிறார்களா என்று பார்க்கும். தீயணைப்பு வண்டியைப் பின்னால் வரும் வாகனங்களுக்கு அரணாகக் குறுக்கே நிறுத்துவார்கள். தண்ணீர்க் குழாயை நீட்டித் தயாராக வைப்பார்கள்.

பிறகு முட்டுக்கொடுப்பது. விபத்துக்குள்ளான கார், ஸ்பிரிங்கில் நிற்கும் நான்கு சக்கரத்தின் மேல் ஆடிக்கொண்டே இருக்கும். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் அடியில் மரக்கட்டைகளை அடுக்கிச் செருகி அதை அசையாமல் நிறுத்துவார்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் அப்படியே தாங்கி நிறுத்துவார்கள்; நிமிர்த்த மாட்டார்கள். பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுவார்கள். ஒருவர் பின்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே போய், சிக்கியவரின் தலையை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு பேசத் தொடங்குவார். அந்த ஒருவர் கடைசி வரை நகர மாட்டார். வெட்டும் சத்தம் கேட்கப்போகிறது, கண்ணாடி உடையப்போகிறது என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்வது அவர் வேலை. கண்ணாடித் தூள் விழாமல் சிக்கியவருக்கு மேல் போர்வை போர்த்துவார்கள்.

இதற்குப் பிறகே கருவி. ஸ்பிரெடரின் நுனி நுழைய இடம் வேண்டும். அதனால் முன்பக்க மட்கார்டை அதே ஸ்பிரெடரால் கவ்வி நசுக்கினால் கீல் பக்கம் இடுக்கு விழும். அங்கே நுனியை வைத்து விரித்தால் கீல் அறுந்து கதவு கழன்று வரும். கூரையை எடுக்க வேண்டுமானால் சீட் பெல்ட்டை முதலில் அறுத்துவிட்டு, தூண்களை வரிசையாக வெட்டுவார்கள். வெட்டிய முனையில் துணியோ ரப்பரோ போர்த்துவார்கள். இல்லாவிட்டால் மீட்பவர் கையையே அது கிழிக்கும். ஓட்டுநரின் கால் பெடலில் சிக்கியிருந்தால் ராம்.

லாரி வேறொரு சோதனை. கேபின் உயரத்தில் இருக்கும். தரையில் நின்று வேலை செய்ய முடியாது. நாமக்கல் பகுதிப் பட்டறைகளில் ஆங்கிள் இரும்பும் மரமும் தகடும் சேர்த்துக் கட்டிய பாடியில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. அதற்கு எந்த மீட்புத் தாளும் கிடையாது. முகப்பு பின்னால் போய் இருக்கையைத் தொட்டிருக்கும். ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் ஓட்டுநர். பக்கத்து ஊரிலிருந்து வெல்டிங் கடைக்காரர் நல்ல மனதோடு கேஸ் கட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். டீசல் கசியும் இடத்தில் அந்தச் சுடர் உயிருக்கு எமனாகிவிடக்கூடும். ஹைட்ராலிக் கருவியின் அருமை அங்கேதான் முழுமையாகத் தெரியும்: சுடரில்லை, பொறியில்லை, அங்குலம் அங்குலமாக இரும்பு விலகும்.

இந்த வேலை முழுவதற்கும் அடிப்படையாக ஒரு விதி இருக்கிறது. வண்டியிலிருந்து மனிதரை இழுக்காதே. மனிதரைச் சுற்றியிருக்கும் வண்டியை அகற்று. கருவியின் அறுபது ஆண்டு வரலாறும் இந்த ஒரே விதிக்காகத்தான்.

மருத்துவம் சொல்லித் தந்தது

இந்த விதி வெறும் தொழில்நுட்பமல்ல. 1941-ல் லண்டன் மீது குண்டுகள் விழுந்த காலத்தில், எரிக் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர் டெஸ்மண்ட் பீலும் விசித்திரமான ஒன்றைப் பதிவு செய்தார்கள். இடிபாட்டில் கால் நசுங்கிப் பல மணி நேரம் கிடந்தவர்கள் மீட்கப்பட்டபோது நன்றாகவே இருந்தார்கள். அடுத்த சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நசுங்கிய தசையில் தேங்கிய பொட்டாசியமும் நச்சும் பாரத்தை எடுத்ததும் ரத்தத்தில் பாய்கின்றன. அதனால் நீண்ட நேரம் நசுங்கிக் கிடந்த காலை விடுவிக்கும் முன்பே நரம்பு வழியாகச் சலைன் ஏற்ற வேண்டும். 108 ஆம்புலன்ஸ் பணியாளரும் தீயணைப்பு வீரரும் ஒருவர் மற்றவரின் வேலையை அறிந்து, சேர்ந்து இயங்க வேண்டிய இடம் இது.

அண்மைக்கால ஆய்வு இன்னொரு பக்கத்தையும் காட்டியது. பிரிட்டனில் அவசர மருத்துவர் டிம் நட்பீம் தலைமையிலான குழு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தது. தண்டுவடக் காயம் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. சிக்கிக்கிடந்தவர்களோ சிக்காதவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். அவர்கள் எட்டிய முடிவு தெளிவானது. சிக்காமல், சொன்னதைப் புரிந்துகொண்டு நகரக்கூடியவர் தானாகவே மெல்ல இறங்கலாம். அவருக்காகக் கூரையை அறுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். உண்மையில் சிக்கியவருக்கு மட்டும் கருவி, அதுவும் விரைவாக. பொறுமைக்கும் வேகத்துக்கும் நடுவில் எது எப்போது என்று தெரிந்திருப்பதே இன்றைய மீட்புக் கலை.

அந்த வேகத்தை வாங்கிக்கொள்ள மருத்துவமனையும் அருகில் வந்துவிட்டது. கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் பெரிய காயம் என்றால் முண்டியம்பாக்கத்துக்கோ சேலத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ ஓட வேண்டும். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. கருவி விடுவித்த உயிரைத் தாங்கிப் பிடிக்க இன்று கைகள் இருக்கின்றன.

பாக்கி இருக்கும் கிலோமீட்டர்கள்

அப்படியென்றால் எது பாக்கி? விபத்து நடந்த நொடிக்கும் தீயணைப்பு வண்டி வந்து நிற்பதற்கும் இடைப்பட்ட நேரம். அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே: வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், டீக்கடைக்காரர், பின்னால் வந்த லாரியின் கிளீனர். நம் மக்களின் மனது பெரியது. சத்தம் கேட்டதும் ஓடி வருகிறார்கள். கையைப் பிடித்து, காலைப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இழுக்கிறார்கள். உள்ளே மாட்டியிருக்கும் கால் முறிகிறது, கழுத்து திரும்புகிறது. காப்பாற்றத் துடிக்கும் அந்தக் கைகள் கருவியின் வேலையை அது வருவதற்கு முன்பே கெடுத்துவிடுகின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் குறை.

சொல்லித் தர வேண்டியது அதிகமில்லை. 112 அல்லது 101, கூடவே 108. அழைக்கும்போது “ஆள் உள்ளே சிக்கியிருக்கிறார்” என்ற வார்த்தையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையில்தான் மீட்புக் கருவியோடு வண்டி கிளம்பும். சேலம் போகும் பக்கமா, உளுந்தூர்பேட்டை போகும் பக்கமா, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்று சொன்னால் தேடும் நிமிடங்கள் மிச்சம். தூரத்திலேயே ஒருவர் நின்று பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க வேண்டும். இன்ஜினை அணைக்க வேண்டும். சுற்றி யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. ரத்தம் பீறிடும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்கலாம். தலையைத் திரும்பாமல் தாங்கிக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கலாம். சோடாவோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. மயங்கினால் அது மூச்சுக்குழாயில் இறங்கும். வண்டி தீப்பிடித்தால், தண்ணீரில் மூழ்கினால், மூச்சு நின்றுவிட்டால் மட்டும் எப்படியாவது வெளியே இழுத்துவிட வேண்டும். மற்ற நேரங்களில் இழுக்காமல் இருப்பதே உதவி.

உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயமும் இனி வேண்டியதில்லை. உதவுவோரைத் துன்புறுத்தக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் உறுதிப்படுத்தியது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் தந்திருக்கிறது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறோம். 1944-ல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களை நினைக்கும் வாரம் அது. பள்ளிகளிலும் பேருந்து நிலையங்களிலும் எண்ணெய்ச் சட்டித் தீயை ஈரச் சாக்கால் அணைத்துக் காட்டுவார்கள். இந்த நெடுஞ்சாலை ஓர ஊர்களில் அதோடு ஒரு பழைய காரையும் வெட்டிக் காட்ட வேண்டும். ஏலத்தில் கழிக்கும் வண்டிகளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. தீயணைப்பு வீரர், 108 பணியாளர், நெடுஞ்சாலை ரோந்துக் குழு, வெல்டிங் கடைக்காரர், பொக்லைன் ஓட்டுநர் எல்லோரும் ஒரே வண்டியைச் சுற்றி நின்று பழகினால், உண்மையான இரவில் யார் எங்கே நிற்பது என்று தகராறு வராது.

குழாயும் பம்பும் இல்லாமல் பேட்டரியில் இயங்கும் கருவிகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெருகிவிட்டன. ஒருவர் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கலாம். வெள்ளிமலை போன்ற மலை வட்டத்துக்கு அதுதான் பொருத்தம். சமவெளியிலிருந்து மலை ஏறிவரும் வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில், மலையிலேயே வைத்த ஒரு கருவி வேலையைப் பாதி முடித்துவிடும். மலைமக்களின் உயிர் புறவழிச் சாலையில் போகிறவரின் உயிரைவிடக் குறைந்ததல்ல.

கரும்பு டிரெய்லரின் பின்னால் ஒட்டும் சிவப்புப் பட்டையும், புறவழிச் சாலையின் நடுவே கட்டும் தடுப்பும் இந்தக் கருவிக்கு வேலையே இல்லாமல் செய்யக்கூடியவை. அவைதான் முதலில் வர வேண்டும். அதற்குப் பிறகும் மோதல்கள் நடக்கும். ஒரு பந்தய ஓட்டுநர் ஒரு மணி நேரம் தவித்ததைப் பார்த்த ஒரு மனிதரின் கவலை, கடல்களைக் கடந்து நம் ஊர் தீயணைப்பு வண்டி வரை வந்துவிட்டது. கருவியைப் பிடிக்கும் கைக்கு இடைவிடாத பயிற்சியும், அது வரும் வரை சிக்கியவரை இழுக்காமல் தாங்கிப் பிடிக்கும் அறிவும் ஊருக்குக் கிடைத்தால்தான் அந்தக் கவலை உரியவரைச் சென்று சேரும். பயிற்சி அரசின் கடமை; அறிவு நம் ஒவ்வொருவரின் கடமை.